கைக்குத் தெரியாத கோப்பை

முதலில் கவனித்தது என் மாணவிகள். பிளஸ் டூ பெண்களுக்கு டைட்ரேஷன் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். இடது கை ப்யூரெட்டின் திருகில் இருக்கும். வலது கை கீழே குடுவையைப் பிடித்து மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறமில்லாத கரைசல் ஒரே ஒரு சொட்டில் வெளிர் ரோஜாவாகும். அந்தச் சொட்டோடு நிறுத்திவிட வேண்டும். மயிலாப்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவள் நான். ஒரு சொட்டு அதிகம் விட்டதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

அன்றைக்கு நிறம் வந்தது. இடது கை திருகை மூடியது. வலது கை மட்டும் நிற்கவில்லை, குடுவையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. போதும் என்று மனசுக்குள் சொன்னேன். அது கேட்கவில்லை. "மிஸ், கலர் வந்துடுச்சு மிஸ்" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. தெரியறதுடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தது, சொல் வரவில்லை. நான் ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சிரிப்பதை நிறுத்தினார்கள். வலது கால் மடிந்து நான் தரையில் சரிந்தேன். அப்போதும் குடுவை உடையவில்லையாம். ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் லேப் அட்டெண்டர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கினார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

தேனாம்பேட்டையில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மூளையின் இடது பக்கத்தில், முன்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு. பக்கவாதம்தான், ஆனால் கொஞ்சம் விசித்திரமான வகை. கால் பலவீனமாகிவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. கைக்குப் பலம் குறையவே இல்லை. கை என்னுடையதாக இல்லாமல் போனதுதான் வியாதி.

இதை எப்படிச் சொல்வதென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணை மூடினால் கை இருப்பது தெரியும். கிள்ளினால் வலிக்கும். ஆனால் அது எதையாவது செய்யும்போது, நான் செய்கிறேன் என்ற எண்ணம் வராது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்துகொண்டு என் தோள் வழியாகக் கையை நீட்டுகிறார்கள் என்று தோன்றும். போர்வையின் ஓரத்தைப் பிடித்து மடிக்கும், பிரிக்கும், மறுபடி மடிக்கும். கட்டில் கம்பியைப் பிடித்தால் விடாது. ஊசி போட வந்த நர்ஸின் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, சரியாக மூடியைக் கழற்றி, எழுதுகிற மாதிரி பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

இரண்டு தடவை மூக்கிலிருந்த குழாயை அது பிடுங்கி எறிந்தது. சாப்பாடு போவது அந்தக் குழாய் வழியாகத்தான். விழுங்குகிற சதைகளும் பாதி வேலைதான் செய்தன, அதனால் வாய் வழியாக எதுவும் கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை பிடுங்கியதும் டாக்டர் வந்து என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். படுத்திருந்தபடியே நானும் கேட்டேன்.

"ஒரு பொருளைப் பாத்ததும் எடுத்து உபயோகிக்கச் சொல்ற பகுதி மூளையில நல்லா இருக்கு சார். இப்ப வேண்டாம்னு தடுக்கற பகுதிதான் அடிபட்டிருக்கு. பேனாவப் பாத்தா எழுதும், சீப்பப் பாத்தா சீவும். ஏலியன் ஹேண்ட்னு சொல்வோம். போகப் போகக் குறையும். ஆனா மூக்குக் குழாய் தாங்காது. வாய் வழியா பத்திரமாக் குடிக்கப் பழகணும். முடியலைன்னா வயித்துல சின்னதா துளை போட்டு அங்கயே குழாய் வெக்கணும்."

"எத்தனை நாளைக்கு?" என்றார் இவர்.

"அது சொல்ல முடியாது சார்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு கவலையே இல்லை. காலைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. வயிற்றில் குழாய் இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தண்ணீர் குடிக்கத் தெரிய வேண்டும். ஐம்பத்தேழு வயசில், ஒன்றாம் கிளாஸுக்கும் முந்தைய பாடம்.

வார்டில் அஞ்சலை என்று ஒரு ஆயா இருந்தாள். என் கையை முதலில் புரிந்துகொண்டது அவள்தான். படுக்கை விரிப்பை மாற்றும்போது கை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"இன்னாம்மா இது, நீ ஒருபக்கம் பாத்துகினு கீற, கை ஒருபக்கம் போய்க்கினே கீது?" என்று குனிந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். "உள்ள யாரோ ஒருத்தி பூந்துகினு கீறா. அவளுக்கு எதுனா புடிக்கக் குடுத்தா சும்மா இருப்பா." ஒரு துண்டை உருட்டிக் கையில் கொடுத்தாள். கை தலைப்பை விட்டுவிட்டுத் துண்டைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வார்டில் எல்லோரும் கையை 'அவ' என்றுதான் சொன்னார்கள். "அவ தூங்குறாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் அஞ்சலை கட்டிலுக்குப் பக்கத்திலேயே வருவாள்.

மருத்துவமனை ராத்திரிகளைப் பற்றிப் பலபேர் பயமுறுத்துவார்கள். என்னைக் கேட்டால் மத்தியானம் இரண்டரை மணிதான் மோசம். ராத்திரியில் யாராவது முனகுவார்கள், நர்ஸ் நடந்துகொண்டிருப்பாள், துணைக்கு ஆள் உண்டு. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். நல்ல வெளிச்சமாக இருக்கும், ஒரு சத்தமும் இருக்காது. அப்படி ஒரு மத்தியானம் உருட்டிய துண்டு கீழே விழுந்துவிட்டது. கை எழுந்தது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் வளைந்து, இல்லாத ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டன. அது என் முகத்துக்கு மேலே, நெற்றிக்கு நேராக உயர்ந்தது. என் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. கை மணிக்கட்டைத் திருப்பி, ஒன்றுமில்லாததை ஊற்றியது. நான் விழுங்கினேன்.

விழுங்காமல் இருக்கத்தான் பார்த்தேன். தொண்டை கேட்கவில்லை. கை மறுபடி ஊற்றியது, மறுபடி விழுங்கினேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு மிடறு காற்று குடித்த பிறகு கை டம்ளரைக் கீழே வைக்கிற மாதிரி மெத்தையில் இறங்கியது. தாகம் அப்படியேதான் இருந்தது.

எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம். அண்ணாந்துதான் குடிப்போம். தண்ணீர், மோர், கொதிக்கிற காபி எல்லாம் அப்படித்தான். உதடு பட்டால் எச்சில். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி ஒரு சொட்டு சிந்தாமல் நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்ததுண்டு. அதிலும் எனக்குக் கர்வம்தான்.

என் மகன் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட மெர்லின், மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்த முதல் நாளே சாப்பாட்டு மேஜையில் டம்ளரை உதட்டில் வைத்து நிதானமாகக் குடித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதில் நான் கெட்டிக்காரி. மறுநாள் அவளுக்கென்று ஒரு டம்ளர் தனியாக வைத்தேன். மற்றதோடு கலந்துவிடக் கூடாதென்று அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குடிக்க ஆரம்பித்தாள். அது நடந்து மூன்று வருஷமாகிறது.

மகன் வேலையாகப் புனேயில் இருந்தான். செய்தி கேட்டு ஓடி வந்தான், ஒரு வாரம் இருந்தான், போக வேண்டியிருந்தது. தினமும் சாயங்காலம் தி.நகர் ஆபீஸிலிருந்து நேராக வந்தது மெர்லின்தான். வந்ததும் என் நெற்றியைத் துடைப்பாள், தலையைப் பின்னுவாள். ஆறாவது நாள் அவள் நகம் வெட்டிவிடும்போது கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் விடவில்லை. துண்டு கொடுத்துப் பார்த்தாள், வாங்கிக்கொள்ளவில்லை. அவள் இன்னொரு கையால் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு திரும்பி வந்து நான் சொன்ன முதல் முழு வாக்கியம் அப்போதுதான் வந்தது.

"நான் பிடிக்கலை. அதுதான்."

"தெரியும் அத்தை" என்றாள்.

மறுநாள் நஸ்ரின் வந்தாள். ராயப்பேட்டைக்காரி, முப்பது வயசிருக்கும். கை வேலைகளையும் விழுங்குவதையும் பழக்குகிற தெரபிஸ்ட். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை, மிஸ் என்று கூப்பிடச் சொன்னேன். சரி ஆன்ட்டி என்றாள்.

தண்ணீர்தான் எனக்கு ஆபத்து என்றாள் அவள். இட்லியைவிட, கஞ்சியைவிட, சுத்தமான தண்ணீர். அது வேகமாக ஓடும். தொண்டை மூடிக்கொள்வதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நமக்கெல்லாம் புரையேறினால் இருமல் வரும். எனக்கு இருமல்கூட வராமல் புரையேறலாம்.

"இருமினா நல்லது ஆன்ட்டி. இருமாம உள்ள போறதுதான் பயம். நெஞ்சுல சளி கட்டி நிமோனியா ஆயிடும்."

அதற்காக ஒரு பொடி. தண்ணீரில் கலந்தால் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். தண்ணீரின் ஒரே நல்ல குணம் அது தண்ணீராக இருப்பது. அதையும் எடுத்துவிட்டார்களே என்று எரிச்சலாக வந்தது. அடுத்து ஒரு விதி. குடிக்கும்போது தலை பின்னால் சாயவே கூடாது, மோவாய் நெஞ்சைப் பார்த்து இறங்க வேண்டும். அண்ணாந்தால் மூச்சுக்குழாய்க்குக் கதவைத் திறந்துவைத்த மாதிரி. அதாவது ஐம்பத்தேழு வருஷமாக நான் செய்துவந்ததற்கு நேர் எதிரானது.

ஒரு பை நிறையக் கப் கொண்டுவந்திருந்தாள். கை நடுங்குகிறவர்களுக்கு அடிப்பாகம் கனமாக ஒன்று. மூடியும் மூக்கும் வைத்த ஒன்று. அதைப் பார்த்து அஞ்சலை, "இது இன்னா, புள்ளைக்குப் பால் குடுக்குற பாலாடை மாரி கீது" என்றாள். அதில் குடித்தால் கடைசி மிடறுக்குத் தலை சாயும் என்று நஸ்ரின் அதைத் திரும்பப் பையில் போட்டாள். இடது கையால் மட்டும் குடித்துப் பார்த்தோம். வலது கை குறுக்கே வந்து கப்பைப் பிடுங்கி மேலே தூக்கியது. இரண்டு கைக்கும் நடுவில் இழுபறி, விரிப்பெல்லாம் கெட்டித் தண்ணீர். என் உடம்பிலேயே இரண்டு பேர் குடத்துக்குச் சண்டை போடுகிறார்கள். நான் அழுதேன்.

கடைசியாக எடுத்தது வெளிர் நீலத்தில், இரண்டு பக்கமும் பெரிய கைப்பிடி வைத்தது. உதடு வைக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பில் மூக்குக்கு இடம்விட்டு அரைவட்டமாக வெட்டியிருந்தது. அடிவரை சாய்த்தாலும் மூக்கு இடிக்காது, தலையைத் தூக்க வேண்டியதில்லை.

"அந்தக் கைக்கு டம்ளர்னா நல்லாத் தெரியும் ஆன்ட்டி. பாத்தா அதோட பழக்கத்தைத்தான் செய்யும். அதுக்கு இது என்னன்னே தெரியக் கூடாது." வலது கையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு ஒரு கைப்பிடியைக் கொடுத்தாள். கை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, ஆனால் தூக்கவில்லை. என்னவென்று யோசிக்கிற மாதிரி அப்படியே இருந்தது. "அது புடிச்சுட்டே இருக்கட்டும். சாய்க்கற வேலை இடது கைக்கு."

குனிந்தேன். உதட்டை விளிம்பில் வைத்தேன். குமட்டியது. மோவாயை இறக்கி விழுங்கினேன். உள்ளே இறங்கியது.

நஸ்ரின் போகும்போது என் கணவரிடமும் மெர்லினிடமும் தெளிவாகச் சொன்னாள். இந்தக் கட்டில் பக்கம் டம்ளர் எதுவும் கண்ணில் படக் கூடாது. அஞ்சலை நீலக் கப் மற்ற நோயாளிகளுடையதோடு கலந்துவிடக் கூடாதென்று பிளாஸ்திரியில் கட்டில் எண் எழுதி ஒட்டினாள். பக்கத்தில் ஒட்டினால் கழுவும்போது போய்விடும் என்று அடியில் ஒட்டினாள். சாயங்காலம் மெர்லின் கழுவித் துடைக்கும்போது கப்பைக் கவிழ்த்தாள். பிளாஸ்திரியை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவள் துடைத்து வைத்துவிட்டு ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனாள்.

ஐந்து நாள் நன்றாகப் போயிற்று. ஆறாவது நாள் வெள்ளிக்கிழமை. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் உதட்டை நீட்டி அந்தக் கப்பில் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மத்தியானம் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது துணிப்பையில் எதையோ கொண்டுவந்தார்.

"வசந்தா, நோக்கு இதுல குடிக்கணும் போல இருக்கும்னு ஆத்துலேந்து கொண்டு வந்தேன். பொடியெல்லாம் போட்டுக் கெட்டியாத்தான் கலந்திருக்கேன்" என்று மேஜைமேல் வைத்தார். எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்த வெள்ளி டம்ளர். நஸ்ரின் சொன்ன டம்ளரில் இது சேராது என்று நினைத்துவிட்டார் மனுஷர். டம்ளர் என்றால் அவருக்கு எச்சில்படுகிற டம்ளர், ஆஸ்பத்திரி டம்ளர். இது வெள்ளி. வெள்ளிக்குத் தோஷமில்லை.

வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கை உருட்டிய துண்டைப் போட்டுவிட்டது. இத்தனை நாள் அது எதை எடுக்கப் போனாலும் ஒரு தடுமாற்றம் இருக்கும், தடவும், தேடும். அன்றைக்குத் தடவவில்லை. நேராகப் போய் எடுத்தது, உயர்த்தியது. தலை பின்னால் போயிற்று. "பாத்தியா, எவ்வளவு அழகாப் பிடிக்கறே!" என்று இவர் சந்தோஷமாகச் சொன்னது காதில் விழுந்தது. ஊற்றியது. நான் மூச்சு விடுவதற்காகக்கூட அது நிறுத்தவில்லை. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. டம்ளர் காலியாகும்வரை ஊற்றியது. ஒரே ஒரு தடவை இருமினேன்.

"யாரோ நெனச்சுக்கறா" என்று இவர் என் உச்சந்தலையைத் தட்டினார். வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது, நினைத்துக்கொள்கிறவள் வெளியே எங்கேயும் இல்லை.

ராத்திரிக்குள் காய்ச்சல் வந்தது. வலது நுரையீரலில் நிமோனியா. ஐ.சி.யூ.வில் ஆறு நாள். அந்த ஆறு நாளைப் பற்றி அதிகம் எழுத முடியாது. எனக்கு நினைவிருப்பது முகமூடி வழியாக வரும் காற்றின் சத்தமும், கட்டிலோடு சேர்த்துக் கட்டிய வலது கை கட்டுக்குள்ளேயே டம்ளர் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்ததும்தான். வெளியே நாற்காலியில் இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மெர்லின் தயிர்சாதம் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றிருக்கிறாள். நான் அவரைத் திட்டவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் வெள்ளி டம்ளரைத்தான் நானும் நம்பியிருப்பேன். மருத்துவமனை பில்லை அவர் எனக்குக் காட்டவேயில்லை, நானும் கேட்கவில்லை.

வார்டுக்குத் திரும்பியதும் டாக்டர் சொன்னார். ஒரு பரிசோதனை செய்யலாம், அதில் தேறாவிட்டால் வயிற்றுக் குழாய்தான், தள்ளிப்போட முடியாது.

பரிசோதனை இதுதான். மெல்லிய கேமராவை மூக்கு வழியாகத் தொண்டைவரை விடுவார்கள். பச்சைச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். பச்சை உணவுக்குழாயில் மட்டும் இறங்குகிறதா, மூச்சுக்குழாய்க்குள் எட்டிப்பார்க்கிறதா என்று திரையில் தெரியும். எந்தச் சொட்டில் நிறம் வருகிறது என்று இத்தனை வருஷம் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே குடுவை.

முதலில் கெட்டித் தண்ணீர், பிறகு சாதாரணத் தண்ணீர். டெக்னீஷியன் வழக்கம்போல ஒரு காகித டம்ளரில் பச்சைத் தண்ணீரை ஊற்றித் தட்டில் வைத்தார். டம்ளர்! கை எழுந்தது. மூக்கில் கேமரா இருந்ததால் பேசவும் முடியவில்லை. நஸ்ரின் பார்த்துவிட்டாள். ஓடி வரவெல்லாம் இல்லை. நிதானமாகக் குறுக்கே நின்று தட்டை மறைத்து, எழுந்த கையில் நீலக் கப்பின் கைப்பிடியை வைத்தாள். "இதப் புடிச்சுக்கோ" என்றாள். ஆன்ட்டி என்று சொல்லவில்லை. அவள் பேசியது என்னிடம் இல்லை. கை பிடித்துக்கொண்டது.

பச்சைத் தண்ணீரைக் கப்பில் மாற்றினார்கள். மோவாயை இறக்கினேன். உதட்டை வைத்து ஒரு மிடறு, மூச்சு, இன்னொரு மிடறு. திரையில் என் தொண்டை ஈரமாகப் பளபளத்தது. பச்சை இரண்டு ஓரமாகவும் வழிந்து பின்னால் போய் மறைந்தது. மூச்சுக்குழாயின் வாய் வெளுப்பாகவே இருந்தது. டெக்னீஷியன், "கிளீன்" என்றார். ஐம்பத்தேழு வயசில் பாஸ் மார்க்குக்காக நான் விக்கி விக்கி அழுதேன்.

குழாய் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். ஆனால் நிபந்தனையோடு. கப்பில் மட்டும் குடிக்கலாம், அதுவும் கொஞ்ச நாளைக்குப் பொடி கலந்துதான். கை தானாக அடங்கும்வரை என் கண்ணில் டம்ளர் படக் கூடாது. இவர் டம்ளர்களையெல்லாம் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டார். அவர்கள் குடிக்க மூன்றே மூன்றை சமையலறையில் ஒளித்துவைத்தார்.

அந்த நாட்களில் எங்கள் ஃபிளாட் ஒரு விநோதமான வீடாக இருந்தது. யாரும் என் முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சமையலறைக் கதவு சாத்திக்கொள்ளும், பிறகு தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு உள்ளே கூட்டிப்போய்க் காபி. இவர் பழக முடியாமல் தவித்தார். மெர்லினுக்குக் கஷ்டமாக இருந்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக் குடித்து அவளுக்கு மூன்று வருஷப் பழக்கம். இதை நான் சோபாவில் தனியாக உட்கார்ந்து, இரண்டு காது வைத்த கப்பில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது நினைத்தேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் கழித்து வந்த வெட்கம் யாருக்கு என்ன பிரயோஜனம் என்றும் இருந்தது.

இரண்டு மாதத்தில் கை நிறைய அடங்கிவிட்டது. போர்வையை மடிப்பதில்லை. சொன்னால் கேட்கும், சில சமயம் சொல்லாததையும் செய்யும். ஒன்று மட்டும் மாறவில்லை. பிடித்ததைத் தானாக விடாது. இடது கையால் விரல் விரலாகப் பிரிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். மெர்லின் எனக்கு எதிரே மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். போன் வந்து பால்கனிப் பக்கம் போனவள், மறதியாகத் தன் டம்ளரை மேஜையில் விட்டுப்போயிருந்தாள். பாதி குடித்த தண்ணீர். விளிம்பில் அவள் உதடு பட்ட ஈரம் வெளிச்சத்தில் தெரிந்தது.

கை எழுந்தது. சத்தம் போட வாயைத் திறந்தேன், வரவில்லை. முதல் நாள் லேபில் வராத மாதிரியே வரவில்லை. கை டம்ளரைப் பிடித்தது, தூக்கியது. என் கழுத்து பின்னால் சாயத் தயாரானது. கை நெற்றிக்குப் போகவில்லை. வாய்க்கு நேராக வந்து நின்றது. அவள் உதடு பட்ட இடத்திலேயே விளிம்பை என் உதட்டில் வைத்தது. நான் மோவாயை இறக்கினேன். ஒரு மிடறு. பொடி போடாத வெறும் தண்ணீர், சில்லென்று இருந்தது. ஒரு மிடறு, இன்னொரு மிடறு. இருமல் வரவில்லை. காய்ச்சலும் அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

நிமிர்ந்தபோது மெர்லின் பால்கனிக் கதவில் நின்றிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுத்திருந்தாள். டம்ளர் இன்னும் என் உதட்டருகில் இருந்தது. அடியில் இருந்த சிவப்புப் பொட்டு அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"அத்தை, அது என்னோடது." பதறிப்போய் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். "பரவால்ல அத்தை. நீங்க எங்க எடுத்தீங்க, கைதானே எடுத்தது."

அவள் எனக்காகத் திறந்துவைத்த வழி அது. அதில் போய்விடலாம். நகம் வெட்டிய அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் சொன்னதையே அவள் திருப்பிச் சொன்னாள். எடுத்தது யாரென்று எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"இல்லை" என்றேன். "நான்தான்."

கை மெல்ல இறங்கி டம்ளரை மேஜைமேல் வைத்தது. விரல்களைப் பிரிப்பதற்காக இடது கையை நீட்டினேன். அதற்குள் அவை தானாகவே விட்டுவிட்டிருந்தன.